பேக்வாஷ் செய்தும் யூஎஃப் ஃபில்டரில் தண்ணீர் மெதுவாக வருவது ஏன்?

கோலாலம்பூர் வீட்டு வாசலில் மாட்டிய யூஎஃப் (அல்ட்ராஃபில்ட்ரேஷன், நுண்துளை வழியே வடிகட்டும்) ஃபில்டரை வாரம் தவறாமல் பேக்வாஷ் (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவுவது) செய்தும் குழாயில் வேகம் குறைகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பேக்வாஷால் எல்லா அழுக்கும் போகாது, அதுதான் காரணம்.

உள்ளே இருப்பது மெல்லிய குழல் இழைகளின் கட்டு. துளைகள் 0.01 முதல் 0.1 மைக்ரான் வரை. இழையின் மேல் படியும் சேறு, தண்ணீரைத் திருப்பி விட்டால் கழன்றுவிடும். துளைக்குள் ஒட்டிய கரிமப் பொருளும், பாக்டீரியா கட்டும் வழவழப்பான படலமும், இரும்புத் துருவும் அப்படிப் போகாது. செந்தூலில் எங்கள் வீட்டில் தண்ணீர்த் தடை முடிந்து குழாயைத் திறந்தால் முதல் வாளி தே தாரிக் (பால் டீ) நிறத்தில் வரும். பழைய பைப்பின் துருதான் அது. ஃபில்டரின் வடிகால் வாயை வெள்ளை டிஷ்யூவால் துடைத்துப் பாருங்கள். செம்பழுப்புக் கறை படிந்தால் இரும்புதான்.

இரும்புக்கு 1 முதல் 2 சதவீத சிட்ரிக் அமிலக் கரைசல். கரிமப் பொருளுக்கும் படலத்துக்கும் குளோரின் கரைசல். சுத்திகரிப்பு நிலையங்களிலும் இதே வழக்கம்தான். உங்கள் மெம்பிரேன் (அந்த இழைக் கட்டு) எவ்வளவு தாங்கும் என்று கையேட்டைப் பார்த்துவிட்டு ஊற வையுங்கள். தயவுசெய்து இரண்டையும் கலக்காதீர்கள், நச்சான குளோரின் வாயு கிளம்பும். ஒன்றை முழுக்க அலசிய பிறகே மற்றது. அப்புறம், இழைகளைக் காய விடாதீர்கள். காய்ந்தால் துளைகள் சுருங்கிவிடும்.