மங்கிய வெளிச்சத்தில் பறவைப் படம்: கேட்டதும் சொன்னதும்

விடிகாலை, அந்தி, காட்டு நிழல் இந்த மூன்றிலும் பறவைகளைப் படமெடுப்பது பற்றிக் கேளுங்கள் என்றேன். கேள்விகள் குவிந்துவிட்டன. எந்தக் கம்பெனி கேமரா உசத்தி என்ற சண்டைக்கு மட்டும் நான் வரவில்லை. புதியவர்களுக்கு ஒரு வரி: ஷட்டர் என்பது கேமராவுக்குள் வெளிச்சம் விழும் நேரம் (1/1000 என்றால் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு), எஃப் எண் லென்ஸின் திறப்பு (எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம்), ஐஎஸ்ஓ கேமரா வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும் அளவு.

கேள்வி: என்னிடம் 600 மில்லிமீட்டர் லென்ஸ், எஃப் 6.3. ஷட்டரை 1/1000-க்குக் கீழே இறக்கக் கூடாது என்று சொல்லித் தந்தார்கள். அப்படி வைத்தால் அதிகாலையில் ஐஎஸ்ஓ 25,600-க்குப் போய்விடுகிறது. குறைத்தால் படம் கலங்குகிறது. என்ன செய்வது?

1/1000 என்பது அசைகிற பறவைக்கு. கிளையில் சும்மா உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/60 போதும். 1/1000-இலிருந்து 1/60-க்கு இறங்கினால் நான்கு ஸ்டாப் மிச்சம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). அதாவது உங்கள் 25,600 அப்படியே 1600 ஆகிவிடும்.

கலங்கிய படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். கிளையும் பறவையின் காலும் சேர்ந்து கலங்கியிருந்தால் அது உங்கள் கை நடுக்கம். ட்ரைபாடோ (முக்காலித் தாங்கி) மோனோபாடோ (ஒற்றைக்கால் தாங்கி) போடுங்கள், தரையில் படுத்தால் மணல் பை வையுங்கள். லென்ஸில் உள்ள நடுக்கம் தடுக்கும் வசதியும் இதற்கு உதவும். கிளை கூர்மையாக இருந்து தலை மட்டும் கலங்கியிருந்தால் பறவை அசைந்திருக்கிறது. அதற்கு ட்ரைபாடும் உதவாது, அந்த வசதியும் உதவாது. முன்னால் இருக்கும் இலை மட்டும் பளிச்சென்று இருந்தால் ஃபோகஸ் தவறிவிட்டது.

பறவை தலையை வெட்டி வெட்டித் திருப்பும். இரண்டு வெட்டுக்கு நடுவே ஒரு கணம் முழுசாக நிற்கும். அந்த நேரத்தில் நாலைந்து ஃபிரேம் தொடர்ச்சியாக எடுங்கள். முதல் ஃபிரேம் விரல் அழுத்திய அதிர்வில் பாழாகலாம், பின்னால் வருவது தேறும். பாடும்போது தொண்டையும் அலகும் துடிக்கும், அதனால் பாட்டு நிற்கும் இடத்துக்குக் காத்திருங்கள். ஓயாமல் வால் ஆட்டும் வாலாட்டிக்குருவியிடம் 1/60 செல்லாது.

இதெல்லாம் பறவை நிம்மதியாக இருந்தால்தான் நடக்கும். மிரண்ட பறவை தலையை ஒரு நொடிகூட நிறுத்தாது. அதற்கு 1/1000 வேண்டும், அந்த வெளிச்சம் அந்தியில் கிடையாது. தொந்தரவு செய்யாமல் இருப்பதை நல்ல குணம் என்று மட்டும் நினைக்காதீர்கள், வெளிச்சம் குறைந்த நேரத்தில் அதுதான் உங்கள் முதல் கருவி.

கேள்வி: ஐஎஸ்ஓ எவ்வளவு வரை போகலாம்?

தேவைப்படும் அளவுக்கு. ஐஎஸ்ஓவுக்குப் பயந்து படத்தை இருட்டாக எடுத்துவிட்டு, அப்புறம் கணினியில் வெளிச்சம் ஏற்றினால் நிழல் பகுதிகளில் புள்ளிகள் (நாய்ஸ்) இன்னும் அசிங்கமாகக் கிளம்பும். ரா ஃபைலில் (கேமரா பதிந்ததைச் சுருக்காமல் வைக்கும் ஃபைல்) எடுங்கள், ஹிஸ்டோகிராமை (படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) பாருங்கள். கருத்த புதருக்கு முன்னால் வெளிர் நிறப் பறவை நின்றால் கேமரா புதரைப் பார்த்துப் படத்தை அதிகமாக வெளுக்க வைக்கும். அங்கே எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தை) ஒரு ஸ்டாப் குறைத்தால் வெள்ளை இறகு வெந்து போகாமல் தப்பும், ஷட்டரும் வேகமாகும்.

கேள்வி: கிட்டப் போனால் வெளிச்சம் கூடுமா?

கூடாது. நீங்கள் எங்கே நின்றாலும் பறவை மேல் விழும் வெளிச்சம் அதேதான். கிட்டப் போனால் பறவை படத்தில் பெரிதாகும், க்ராப் (ஓரத்தை வெட்டிப் பெரிதாக்குவது) குறையும், அதனால் நாய்ஸ் கண்ணில் படாது. அந்த லாபத்துக்கு ஆசைப்பட்டுத்தான் எல்லோரும் பறவையைக் கிளப்பிவிடுகிறார்கள்.

கேள்வி: பறவைக்குத் தொந்தரவு ஆகிறது என்று பறப்பதற்கு முன்பே தெரியுமா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். தெரியும். பறப்பது கடைசிக் கட்டம். மேய்ந்துகொண்டிருந்த பறவை மேய்ச்சலை நிறுத்தும். கழுத்து நீளும். உப்பியிருந்த இறகுகள் உடம்போடு ஒட்டி, ஆள் சட்டென்று ஒல்லியாகத் தெரியும். அப்புறம் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, கொஞ்சம் குனிந்து, எச்சமிடும். அடுத்தது பறப்பதுதான். கழுத்து நீளும்போதே நின்றுவிட்டால், பல சமயம் அது மறுபடி மேயத் தொடங்கும். பின்வாங்கினால் இன்னும் நல்லது.

ஆந்தை வேறு மாதிரி. பகலில் அடைந்திருக்கும் ஆந்தை பயந்தால் உடம்பை நீட்டி விறைத்து, கண்ணைக் கீறலாக இடுக்கி, பட்ட கட்டையாக நின்றுவிடும். கொம்பு போன்ற இறகுள்ள ஆந்தைகள் அதையும் நிமிர்த்திக்கொள்ளும். 'என்ன ஒரு போஸ்!' என்று பாராட்டு வாங்குகிற பல படங்கள் இந்தக் கணத்தில் எடுத்தவை.

ஆள்காட்டி தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றினால், அல்லது தரையில் இறக்கையை இழுத்து நொண்டினால், முட்டையோ குஞ்சோ உங்கள் காலடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வந்த வழியிலேயே தரையைப் பார்த்து அடி வைத்துத் திரும்புங்கள். அரை இருட்டில் அந்த முட்டைகள் கண்ணுக்கே தெரியாது.

அந்தியில் இன்னொரு விஷயம். அடைய வந்த சிறு பறவையைக் கிளப்பிவிட்டால் அது இருட்டில் வேறு இடம் தேட வேண்டும். பகலெல்லாம் தின்று சேர்த்த கொழுப்பில்தான் அது இரவை ஓட்டுகிறது.

கேள்வி: ஆந்தைக்கு ஃபிளாஷ் போட்டால் என்ன? மின்னலைப் பார்க்காத ஆந்தையா?

மின்னல் காடு முழுவதையும் தூரத்திலிருந்து வெளிச்சமாக்குகிறது. உங்கள் ஃபிளாஷ் பக்கத்திலிருந்து நேராகக் கண்ணில் அடிக்கிறது, அதுவும் பத்துப் படத்துக்குப் பத்து முறை. கொட்டும் மழையில் ஆந்தைகள் பெரும்பாலும் வேட்டைக்குக் கிளம்புவதும் இல்லை.

கேள்வி: ஃபிளாஷால் ஆந்தை குருடானதாக யாரும் நிரூபிக்கவில்லையே? சும்மா பயமுறுத்துகிறீர்கள்.

குருடாகும் என்று நான் சொல்லவே இல்லை. இருட்டுக்குப் பழகிய கண் வெளிச்சம் பட்டதும் அந்தப் பழக்கத்தை இழக்கிறது. மனிதக் கண் முழுதாக இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். ஒரு ஃபிளாஷ் வெட்டு அத்தனையையும் அழிக்காதுதான், சரி. ஆனால் கிளைகளுக்கு நடுவே பறக்கப்போகிற, குஞ்சுக்கு இரை தேடுகிற பறவைக்குச் சில நிமிடத் தடுமாற்றமும் நஷ்டமே. அந்த நஷ்டத்தை அது ஏன் உங்கள் படத்துக்காக ஏற்க வேண்டும்?

கேள்வி: சிவப்பு டார்ச் அடித்தால்? பறவைக்குச் சிவப்பு தெரியாதாமே.

பாலூட்டிகளைப் பற்றிய பேச்சைப் பறவை மேல் ஏற்றிவிட்டார்கள். பகல் பறவைகளின் கண்ணில் நிறம் காணும் கூம்புச் செல்கள் நான்கு வகை, அதில் ஒன்று சிவப்புக்கே. ஆந்தைக்குக் கூம்புச் செல்கள் குறைவு, ஆனாலும் உண்டு.

கேள்வி: அப்படியானால் இரவுப் பறவையை யாருமே எடுக்கக் கூடாதா? (இதே கோபத்தோடு இன்னும் சிலர்.)

எடுங்கள். சூரியன் மறைந்த பிறகு அடிவானத்துக்குக் கீழே 6 டிகிரி இறங்கும் வரை வானத்தில் நல்ல வெளிச்சம் இருக்கும். பக்கி என்ற இரவுப் பறவை பறக்கத் தொடங்குவதும் வக்கா என்ற இராக்கொக்கு கிளம்புவதும் ஏறக்குறைய அந்த வேளையில்தான். வானத்தைப் பின்னணியாக வைத்து நிழலுருவமாக எடுங்கள். தெருவிளக்கில் பூச்சி பிடிக்க ஆந்தை தானாக வந்தால் தூரத்திலிருந்து எடுங்கள், அந்த வெளிச்சம் முன்பே அங்கே இருக்கிறது. எலக்ட்ரானிக் ஷட்டரில் விளக்கின் துடிப்பு பட்டை பட்டையாக விழுந்தால் ஷட்டரை 1/50-க்கு இறக்குங்கள். ஃபிளாஷ் விவகாரம் இத்துடன் போதும். மின்னல் பற்றி இன்னொரு கேள்வி வந்தால் பதில் கிடையாது.

கேள்வி: செல்போனில் குரலை ஒலிக்கவிட்டுக் கூப்பிடலாமா?

வேண்டாம். எதிரி எல்லைக்குள் வந்துவிட்டான் என்று நினைத்து அது தீனியையும் குஞ்சையும் விட்டுவிட்டு ஓடி வரும்.

கேள்வி: இருட்டுக்கு எந்த கேமரா வாங்கலாம்?

மறுபடியுமா? லென்ஸைப் பாருங்கள். எஃப் 6.3-க்கும் எஃப் 4-க்கும் ஒன்றே கால் ஸ்டாப்புக்கு மேல் வித்தியாசம். 1.4 மடங்கு கன்வர்ட்டர் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் பெரிதாக்கி) ஒரு ஸ்டாப்பைத் தின்னும், அந்தியில் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

நடுப் புள்ளியை வைத்து, இருட்டும் வெளிச்சமும் சந்திக்கும் விளிம்பில் பிடியுங்கள்: அலகின் ஓரம், மார்பின் விளிம்பு. லென்ஸில் தூர எல்லைப் பொத்தான் இருந்தால் கிட்டத்துத் தூரத்தை அடைத்துவிடுங்கள். ஃபோகஸுக்கு உதவ என்று கேமரா அடிக்கும் சின்ன விளக்கை மெனுவில் போய் அணையுங்கள். பீப் ஒலியையும் அணையுங்கள். பின்திரையின் வெளிச்சத்தையும் குறையுங்கள், இருட்டில் உங்கள் முகமே விளக்காகத் தெரியும்.

கேள்வி: ஐஎஸ்ஓ 6400 வைக்கலாமா?

மேலே சொல்லியாயிற்று.

கேள்வி: கூட்டுக்குள் ஒரே இருட்டு. மறைக்கும் இரண்டு இலையைக் கிள்ளினால் குஞ்சு தெரியும். கிள்ளலாமா?

கூடவே கூடாது. அந்த இலைதான் குஞ்சுக்கு வெயில் படாமலும் காக்கை கண்ணில் படாமலும் காக்கிறது. கிள்ளாவிட்டாலும், நீங்கள் எங்கே குனிந்து பார்க்கிறீர்கள் என்பதைக் காக்கை கவனித்துக்கொண்டிருக்கும். தாய் முட்டையை விட்டு எழாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கூட்டுப் படமே வேண்டாம்.

கேள்வி: நாய்ஸ் நீக்கும் மென்பொருள்கள்?

நல்லவைதான், அளவோடு. அதிகம் ஏற்றினால் இல்லாத இறகுக் கோடுகளை அதுவே வரைந்துவிடும்.

கேள்வி: அடைந்திருக்கும் ஆந்தையை நல்ல தூரத்திலிருந்து எடுத்துவிட்டேன். படத்தைப் போடலாமா?

போடுங்கள். ஆனால் ஃபைலில் ஜிபிஎஸ் விவரம் இருந்தால் அழித்துவிட்டு, இடத்தின் பெயரைச் சொல்லாமல், சில வாரம் கழித்துப் போடுங்கள். பின்னணியில் அடையாளம் தெரிகிற கட்டடமோ பாறையோ இருந்தால் அதையும் வெட்டிவிடுங்கள்.