மாட்டுக்கொட்டில் கேள்வி–பதில்: எந்த நாம்பனின் ஊசி?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: சினை ஊசி (நாம்பனின், அதாவது காளையின், விந்தைப் பசுவுக்குள் வைப்பது) போடும்போது எந்த நாம்பனைக் கேட்டு வாங்குவது? ஊசி போட வருகிறவர் கொள்கலனைத் திறந்து, கையில் அகப்பட்டதைப் போட்டுவிட்டுப் போகும்வரை வாய் திறக்காமல் நிற்கிறவர்கள், கன்று விழுந்த பிறகு எனக்கு எழுதுவார்கள். இம்முறை முன்கூட்டியே கேட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கே முதலிடம்.

*கோப்பாயிலிருந்து ஒரு வாசகர்:* ஐயா, என் தங்கச்சியின் மகன் அயர்லாந்தில் ஒரு மாட்டுப் பண்ணையில் வேலை செய்கிறான். அங்கே பால் கறப்பதே இல்லையாம். கன்று தாயோடு திரிந்து முழுப் பாலையும் குடித்து வளருமாம், பிறகு இறைச்சிக்குப் போகுமாம். ஊசிக்கு நாம்பனைத் தெரிவுசெய்யும் புத்தகத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். அதில் பெல்ஜியன் புளூ என்று ஒன்று, பின்பக்கம் பார்த்தால் மலைத்துப்போவீர்கள். எங்களுக்குப் பூநகரிப் பக்கம் ஊர் மாட்டுப் பட்டி ஒன்று இருக்கிறது. இந்த நாம்பனின் ஊசியை அதற்குப் போடலாமா? அவன் வரும்போது கொண்டுவரச் சொல்லட்டுமா?

*பதில்:* கொண்டுவரச் சொல்லாதீர்கள். விந்துக் குழாய் −196 பாகையில், திரவ நைட்ரஜனுக்குள் இருக்கவேண்டிய சாமான். இறக்குமதி அனுமதி, நோய்ச் சான்றிதழ் எல்லாம் வேண்டும். பயணப்பையில் சொக்லேற்றோடு சேர்த்துக் கட்டுகிற பொருள் அல்ல. ஆனால் மருமகன் அனுப்பிய அந்தப் பக்கங்களை அழித்துவிடாதீர்கள். நாம்பனின் படத்தை விட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கும் எண்களைப் படிக்கப் பழகுங்கள். நாங்கள் அங்கிருந்து எடுக்கவேண்டியது அந்தப் பழக்கத்தைத்தான்.

அந்த மாதிரிப் பண்ணையில் ஒரு பசுவிடமிருந்து ஆண்டுக்கு வருகிற வருமானம் ஒரே ஒரு கன்று. பால்காசு கிடையாது. கன்று செத்தாலோ பசு ஒரு வருடம் சும்மா நின்றாலோ, அந்தப் பசுவுக்குப் போட்ட தீனி முழுக்க நட்டம். ஆகவே அவர்கள் நாம்பனைத் தெரிவதற்கு முன் ஒன்றைத் தீர்மானித்துவிடுவார்கள்: பிறக்கப்போகும் கன்று பட்டியில் தாயாக நிற்கப்போகிறதா, விற்பனைக்குப் போகப்போகிறதா? அயர்லாந்தில் மாட்டின விருத்திக் கூட்டமைப்பு, ஐ.சி.பி.எப். என்பார்கள், இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சுட்டெண் போட்டு, ஒவ்வொரு நாம்பனுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் கொடுக்கிறது. தாய்க்கான சுட்டெண்ணில் மகள்மாரின் பால், சினைபிடிக்கும் தன்மை, குணம் எல்லாம் சேரும். விற்பனைக்கான சுட்டெண்ணில் வளர்ச்சியும் இறைச்சியின் அளவும் முன்னுக்கு நிற்கும். ஒன்றில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய நாம்பன் மற்றதில் ஒன்று வாங்குவதும் உண்டு. மருமகனைக் கேட்டுப் பாருங்கள், விற்பனைக் கன்றுக்கான சரோலே நாம்பனையும் தாய்க்கன்றுக்கான சிமென்டல் நாம்பனையும் அவர்கள் ஒரே பசுக்களுக்குப் போடமாட்டார்கள்.

அடுத்தது நம்பகத்தன்மை என்று ஒரு வீதம் இருக்கும். ஆயிரக்கணக்கான கன்றுகளின் பதிவு உள்ள கிழட்டு நாம்பனுக்கு அது 90க்கு மேலே போகும். நேற்று வந்த இளம் நாம்பனுக்குக் குறைவாக இருக்கும், அதாவது அதன் நட்சத்திரம் நாளைக்கு ஏறலாம், இறங்கலாம். அதனால்தான் கெட்டிக்காரர் எல்லாப் பசுவுக்கும் ஒரே இளம் நாம்பனைப் போடாமல் நாலைந்து நாம்பன்களுக்குப் பிரித்துப் போடுவார்கள்.

எல்லாவற்றுக்கும் முதல் பார்க்கவேண்டியது கன்று ஈனும் கஷ்டத்தின் வீதம். பசுவுக்கு ஒன்று, நாகுக்கு (இன்னும் கன்று போடாத இளம்பசுவுக்கு) ஒன்று என்று அதைத் தனித்தனியாகத் தருவார்கள். முதல் ஈற்று நாகுக்கு அபடீன் அங்கஸ் மாதிரி சின்னக் கன்று தரும் நாம்பன்தான். லிமோசின் கன்று அங்கஸ் கன்றைவிடக் கிட்டத்தட்ட ஒரு கிழமை கூட வயிற்றில் கிடக்கும், கிடக்கிற நாள் எல்லாம் வளரும்.

இப்போது உங்கள் பெல்ஜியன் புளூ. அந்தப் பின்பக்கம் தீனியால் வந்ததல்ல. தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகிற மயோஸ்டாற்றின் என்ற மரபணு அந்த இனத்தில் பழுதாகிவிட்டது, தசை கட்டுப்பாடின்றி வளர்கிறது. கலப்பில்லாத பெல்ஜியன் புளூ பசுக்கள் பெல்ஜியத்தில் பெரும்பாலும் வயிற்றைக் கீறித்தான் கன்று போடுகின்றன. அதற்கென்றே மிருக வைத்தியர் இரவு பகலாகக் கொட்டிலுக்கு வருவார். பூநகரித் தரவை வெளியில், பற்றைக்குள், மழை இரவில் உங்கள் பசு கன்று போடும்போது யார் வருவார்? அயர்லாந்தில் தாய்ப்பசு 600, 700 கிலோ. உங்கள் ஊர்ப்பசு 200 கிலோவைச் சுற்றித்தான் நிற்கும். அது வழமையாகப் போடுகிற கன்று 20 கிலோவும் வராது. சரோலே கன்று ஒன்று 45 கிலோவில் பிறக்கும். கணக்கை நீங்களே பாருங்கள்.

உங்கள் பட்டிக்கு நான் சொல்வது சாகிவால். பஞ்சாப்பின் வெயிலில் உருவான இனம். செந்நிறம், தொங்கும் அலைதாடி, உண்ணிக்கும் வெக்கைக்கும் தாக்குப்பிடிக்கும். கலப்புக் கன்று ஊர்க்கன்றைவிடப் பெரிதாக வரும், ஆனால் தாய் தாங்கும். ஊசிக்கு வசதியான பசுக்கள் எத்தனை என்று முதலில் பாருங்கள். நாள் முழுக்கத் தரவையில் திரிகிற மாட்டில் வேட்கையை (சினைக்குத் தயாராகும் நேரத்தை) யார் கண்டுபிடிப்பது, யார் பிடித்துக் கட்டுவது? அயர்லாந்தில் இதற்கு ஹோர்மோன் கருவியை உள்ளே வைத்துப் பல மாடுகளை ஒரே நாளில் வேட்கைக்குக் கொண்டுவருகிறார்கள். விதைக் குழாய் வெட்டிய நாம்பனின் தாடையில் சாயம் கட்டிவிட்டு, அது ஏறிய பசுவின் முதுகில் கறை பார்க்கிறார்கள். உங்களுக்கு இது கட்டுப்படியாகாது. சாதுவான, இரவில் அடைப்புக்குள் வந்து கட்டுப்படுகிற பசுக்களுக்கு மட்டும் ஊசி. மற்றவைக்கு நல்ல சாகிவால் கலப்பு நாம்பன் ஒன்றை வாங்கி விடுங்கள். 25, 30 பசுவுக்கு ஒன்று போதும். பட்டியில் திரிகிற மிச்ச நாம்பன்களை மிருக வைத்தியரைக் கொண்டு நலமடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்கியது வேடிக்கை பார்க்கும், தெருநாம்பன் வேலையை முடித்துவிடும். மூன்றாம் வருடத்துக்குள் நாம்பனை மாற்றுங்கள், அதன் மகள்கள் அப்போது பருவத்துக்கு வந்துவிடும்.

இன்னொன்று. கன்று இராப்பகலாக மடியில் தொங்கினால் தாய் வேட்கைக்கு வரப் பிந்தும். இரவில் கன்றைத் தனியே அடைத்துக் காலையில் விடுகிற பழைய பட்டி வழக்கம் நல்ல வழக்கம்.

*காரைநகரிலிருந்து:* சைவக் குடும்பங்கள் வாசிக்கும் பத்திரிகையில் இறைச்சி மாட்டைப் பற்றி எழுதலாமா?

*பதில்:* பால் குடிக்கிற வீட்டில் நாம்பன் கன்றும் பிறக்கிறது. அது ஒரு வயதில் எங்கே போகிறது என்று நாங்கள் எவரும் வியாபாரியிடம் கேட்பதில்லை, காசை மட்டும் எண்ணி வாங்குகிறோம். அயர்லாந்துக்காரர் வெளிப்படையாகச் செய்வதை எழுதுவதில் எனக்குக் கூச்சம் இல்லை. உங்கள் மனம் நோகிறதென்றால் அடுத்த கடிதத்துக்குப் போங்கள், அது முழுக்கப் பால்மாடு.

*உரும்பிராயிலிருந்து ஒரு வாசகி:* எங்கள் ஜேர்சிக் கலப்பு நாகுக்கு 15 மாதம். நேற்று முழுக்கக் கத்தியது. ஊசிக்காரத் தம்பி பிரிசியன்தான் கையில் இருக்கிறது, போடட்டுமா என்றார். அடுத்த முறை பார்ப்போம் என்று அனுப்பிவிட்டேன். பக்கத்து வீட்டக்கா ஒரு வேட்கையை வீணாக்கிவிட்டாய் என்று ஏசுகிறா. நாகின் நெஞ்சுச் சுற்றளவு 50 அங்குலம், நீளம் 45. தாய்ப்பசுவுக்கு 63, 53.

*பதில்:* அக்காவை விடுங்கள் பிள்ளை, நீங்கள் செய்ததுதான் சரி. அளவு எடுத்து அனுப்பியதற்கு முதலில் நன்றி. இப்படி அளந்து எழுதுகிறவர்கள் குறைவு.

நாகுக்கு ஊசி போடுவது வயதைப் பார்த்தல்ல, நிறையைப் பார்த்து. தராசு வேண்டாம், தையல் நாடா போதும். முன்னங்காலுக்கு ஒட்டினாற்போல் பின்னே நெஞ்சைச் சுற்றி ஓர் அளவு. தோள்முனையிலிருந்து வால் பக்கத்து இருப்பெலும்பின் முனை வரை ஓர் அளவு. இரண்டும் அங்குலத்தில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிட்டத்தட்டக் கிலோக் கணக்கு வரும். உங்கள் நாகுக்கு 50 × 50 × 45 ÷ 660, அதாவது 170 கிலோ. தாய்ப்பசு அதே கணக்கில் 319. நாகு தாயின் நிறையில் 60 வீதமாவது வந்த பிறகுதான் சினைப்படுத்தவேண்டும். அதாவது 191 கிலோ. உங்களுடையது 53 வீதத்தில் நிற்கிறது. நாளைக்கு 300 கிராம் ஏறினாலும் இரண்டு மாதத்துக்கு மேல் போகும். அதுவரை இரண்டு மூன்று வேட்கை வரும், கத்தட்டும்.

அந்த இரண்டு மாதம் வைக்கோலை மட்டும் நம்பாதீர்கள். வேலியில் சீமைக்கிளுவை நிற்கிறதா? இப்பில் இப்பில்? அவற்றின் குழையை முதல் நாள் வெட்டி வாடவிட்டு, கோ-3 புல்லோடு கலந்து போடுங்கள். கொஞ்சம் தவிடும் எள்ளுப் பிண்ணாக்கும், ஒரு தாதுப்புக் கட்டியும்.

நிறை வந்ததும் ஜேர்சி ஊசி கேளுங்கள். முதல் ஈற்றுக்குப் பிரிசியன் வேண்டவே வேண்டாம், கன்று பெரிது. இரண்டாம், மூன்றாம் ஈற்றிலும் நான் யோசிப்பேன். பிரிசியன் கலப்புக் கூடினால் பால் கூடும் என்பது உண்மை, தீனியும் குளிர்ந்த கொட்டிலும் இருந்தால். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வாயைத் திறந்து மூச்சு வாங்குகிற பிரிசியன் கலப்பைக் கண்டவர்கள் நான் சொல்வதை ஒத்துக்கொள்வார்கள். ஜேர்சி உடம்பு சின்னது, தின்பது குறைவு, கொழுப்புக் கூடின பால். இரண்டு பரப்பு வளவில் மாடு வைத்திருக்கிற யாழ்ப்பாணத்து வீட்டுக்கு அதுதான் அளவு.

*சாவகச்சேரியிலிருந்து:* பசுக்கன்று மட்டும் பிறக்கும் ஊசி உண்மையா?

*பதில்:* உண்மை. பெண் கன்று தரும் விந்தணுவில் மரபுப்பொருள் நாலு வீதமளவு கூட. அதை வைத்து இயந்திரம் பிரிக்கிறது. பத்துக்கு ஒன்பது பசுக்கன்று. ஆனால் விலை கூட, ஒரு குழாயில் இருக்கும் அணுக்கள் குறைவு, அதனால் சினைபிடிப்பதும் குறைவு. ஏற்கெனவே இரண்டு மூன்று ஊசி தவறிய மாட்டுக்குப் போட்டுக் காசைக் கரைக்காதீர்கள்.

*பருத்தித்துறையிலிருந்து:* ஊசி போட்ட பிறகு தருகிற அட்டையை வைத்திருக்கவேண்டுமா? எங்கள் வீட்டில் சாமியறை அலுமாரிக்குள் எங்கோ கிடக்கிறது.

*பதில்:* தேடி எடுங்கள். ஊசி போடுகிறவர் கொள்கலனின் கழுத்துக்குள்ளிருந்து இடுக்கியால் குழாயை எடுத்து, 35–37 பாகை வெந்நீரில் அரை நிமிடம் வைத்து, துணியால் ஈரம் துடைத்து, முனையை வெட்டுவார். ஈரம் உள்ளே போனால் விந்தணு செத்துவிடும், அதனால்தான் அந்தத் துடைப்பு. அவர் துடைக்கிற அந்த நேரத்தில் எட்டிப் பாருங்கள். பேனைக் குச்சியைவிட மெல்லிய அந்தக் குழாயின் மேல் நாம்பனின் இலக்கமும் இனமும் அச்சிட்டிருக்கும். அட்டையில் எழுதுவது அந்த இலக்கத்தைத்தான். வெட்டிய குழாயைக் குப்பையில் போடாமல் வாங்கி அட்டையோடு சேர்த்து ஒட்டிவைக்கிற ஒரு வீடு அச்சுவேலியில் இருக்கிறது. அந்த வீட்டில் தாய், மகள், பேத்தி மூன்றுக்கும் தகப்பன் யார் என்று கேட்டால் உடனே சொல்வார்கள்.

ஏன் தேவை என்றால், நாம்பன்கள் குண்டசாலையில் உள்ள செயற்கைச் சினைப்படுத்தல் மத்திய நிலையத்தில் நிற்கும், ஒரு நாம்பனின் விந்து வருடக்கணக்கில் உறைநிலையில் இருக்கும். மூன்று வருடத்துக்கு முன் தாய்க்குப் போட்ட அதே நாம்பன் இன்று மகளுக்கும் வரலாம். தகப்பனும் மகளும் சேர்ந்த கன்றில் உட்கலப்பு 25 வீதம். சினை தங்காமை, பலவீனமான கன்று, பால் குறைவு எல்லாம் அதன் பின்னால் வரும். மகள் வேட்கைக்கு வந்த அன்று தாயின் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த இலக்கம் வேண்டாம் என்று சொல்லுங்கள். கோபிக்கமாட்டார்கள். கோபித்தாலும் பரவாயில்லை, மாடு உங்களுடையது.

*வேலணையிலிருந்து:* மாடு பின்னேரம் கத்தினால் அன்றிரவே ஆளைக் கூப்பிடவேண்டுமா? படகு, பஸ் எல்லாம் பார்த்து வரவேண்டிய இடம்.

*பதில்:* வேண்டாம். வேலணைக்குப் பாலம் இருக்கிறது, படகுக் கஷ்டம் நெடுந்தீவு, நயினாதீவு மாதிரித் தீவாருக்குத்தான். காலையில் கண்டால் அன்று பின்னேரம் ஊசி, பின்னேரம் கண்டால் மறுநாள் காலை. கத்துவதை மட்டும் நம்பாதீர்கள், பசித்தாலும் கத்தும். மற்ற மாடு மேலே ஏறும்போது அசையாமல் நிற்கிறதா, கண்ணாடி மாதிரித் தெளிந்த சளி வால் அடியில் வழிகிறதா என்று பாருங்கள். ஒற்றை மாடு வைத்திருப்பவர்களுக்குச் சளிதான் சாட்சி. போட்ட நாளைக் கலண்டரில் குறித்து, 18ஆம் நாளிலிருந்து 24ஆம் நாள் வரை காலையும் மாலையும் பின்பக்கம் பாருங்கள். திரும்ப வராவிட்டால் மூன்று மாதத்தில் மிருக வைத்தியரிடம் சினை பார்த்துக்கொள்ளுங்கள்.