அனலிஸ்ட் வேலையா, சிறிய கல்லூரியில் கோச் வேலையா?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் பெரிய அணியில் அனலிஸ்ட் (ஆட்டங்களை அலசிக் கோச்சுகளுக்கு உதவுபவர்), சிறிய கல்லூரியில் லைன்பேக்கர் (தடுப்பு ஆட்டக்காரர்கள்) கோச், இரண்டில் தம்பி எதை எடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். சம்பளத்தை விடுங்கள். டான் லானிங் என்பவர் 2014-இல் சாம் ஹூஸ்டன் ஸ்டேட் என்ற சிறிய அணியில் கோச்சாக இருந்தவர். மறு வருடமே ஒரு படி இறங்கி பெரிய அணியான அலபாமாவில், அப்போதைய ஹெட் கோச் நிக் சேபனிடம் கிராஜுவேட் அசிஸ்டென்ட் (கடைநிலை உதவியாளர்) ஆனார் (வீட்டில் என்ன சொன்னார்களோ!). 2019-இல் ஜார்ஜியா அணியின் டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர் (தடுப்பு ஆட்டத்தின் தலைமைக் கோச்), 2022 சீசனில் ஒரேகானின் ஹெட் கோச்.

2024 முதல் அனலிஸ்டும் களத்தில் பயிற்சி தரலாம். ஆனால் ஊர் ஊராகப் போய் பள்ளி வீரர்களை அணிக்கு இழுக்கும் வேலை அவர்களுக்கு இல்லை. அதில் பெயரெடுத்தவர்களுக்கு மவுசு அதிகம். அப்புறம், அந்தப் பெரிய அணியின் ஹெட் கோச்சின் நாற்காலி ஆடுகிறதா என்று விசாரியுங்கள். அவரைத் தூக்கினால் உதவியாளர்களும் பெரும்பாலும் பெட்டி கட்ட வேண்டியதுதான். ஆடவில்லை என்றால் பெரிய அணிக்கே போகச் சொல்லுங்கள்.