பழைய ஹார்டு டிஸ்க், புது மதர்போர்டு: கேள்விகளும் பதில்களும்

தர்மபுரியில் கணினி பழுது பார்க்கும் என்னிடம் பழைய டிஸ்க் கட்டுப்படுத்திகளின் (டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சிப்) டிரைவர் (அந்தச் சிப்பை இயக்கும் மென்பொருள்) பற்றி வந்த கேள்விகள் இவை.

காவேரிப்பட்டணம்: ஐயா, எங்கள் மாங்கூழ் ஆலையின் எடைமேடைக் கணினி விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடுகிறது. மதர்போர்டை மாற்றியதும் நீலத்திரை வருகிறது. பிழை எண் 7பி என்று முடிகிறது. டிஸ்க் போய்விட்டதா?

டிஸ்க் நன்றாகவே இருக்கும், பதறாதீர்கள். மதர்போர்டில் பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸ், டிஸ்க்கைப் படித்து விண்டோஸைத் தொடங்கி வைக்கிறது. அதன்பின் டிஸ்க்கோடு பேச வேண்டியது விண்டோஸின் சொந்த டிரைவர். உங்கள் எக்ஸ்பிக்குத் தெரிந்தது பழைய போர்டின் கட்டுப்படுத்தி மட்டும். புதியதைக் கண்டதும் டிஸ்க்கே இல்லை என்று நின்றுவிடுகிறது. முதலில் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டி எடைக் கணக்கைப் பிரதி எடுங்கள். பிறகு பயாஸில் சாட்டா (டிஸ்க் இணைப்பு) முறையை ஏஹெச்சிஐ என்ற புதிய முறையிலிருந்து ஐடிஇ என்ற பழைய முறைக்கு மாற்றுங்கள். பெரும்பாலும் எழுந்துவிடும். எழாவிட்டால் எக்ஸ்பி குறுந்தகட்டிலிருந்து பழுதுநீக்க நிறுவல் செய்யுங்கள். சீசன் அவசரத்தில் யார் சொன்னாலும் ஃபார்மட் மட்டும் செய்யாதீர்கள்!

ஓசூர்: லேத் பட்டறைக் கணினியில் எக்ஸ்பி நிறுவும்போது 'டிஸ்க் இல்லை' என்கிறது. எஃப்6 அழுத்தி டிரைவர் கொடுக்கச் சொல்கிறார்கள். பென் டிரைவில் வைத்தும் எடுக்கவில்லை.

எடுக்காது. அந்த இடத்தில் எக்ஸ்பி ஃப்ளாப்பியைத்தான் தேடும். எக்ஸ்பி வெளிவந்தது 2001இல். ஏஹெச்சிஐ வரையறை 2004இல்தான் வந்தது. ஏஹெச்சிஐ டிரைவர் எக்ஸ்பிக்குள் இல்லாததில் வியப்பில்லை. என்லைட் போன்ற மென்பொருளால் டிரைவரை நிறுவல் குறுந்தகட்டிலேயே சேர்க்கலாம். ஆனால் லேத் வேலைக்கு டிஸ்க் வேகம் பெரிதல்ல. ஐடிஇ முறையிலேயே ஓட்டுங்கள் என்பேன்.

பாலக்கோடு: அண்ணா, விண்டோஸ் 7 ஐடிஇ முறையில் இருக்கிறது. ஏஹெச்சிஐக்கு மாற்றலாமா?

மாற்றலாம் தம்பி, வரிசை தவறக் கூடாது. முதலில் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) சர்வீசஸ் பகுதியில் எம்எஸ்ஏஹெச்சிஐ என்ற டிரைவரின் பதிவைத் திறந்து, ஸ்டார்ட் மதிப்பை 0 ஆக்கு. அணைத்துவிட்டு அதன் பிறகே பயாஸைத் தொடு. முந்திக்கொண்டால் மேலே சொன்ன அதே நீலத்திரைதான்.

அரூர்: தட்டைக் கேபிளில் மாட்டும் பழைய ஐடிஇ டிஸ்க். எக்ஸ்பியில் ஒரு கோப்பைப் பிரதி எடுத்தால் மவுஸ்கூட நகர மறுக்கிறது.

இதே குறையோடு வந்த ஒரு கணினிக்கு நான் டிஸ்க்கையே மாற்றினேன், வேகம் வரவில்லை. பழுது தட்டைக் கேபிளில் இருந்தது. தரவு மாற்றத்தில் தொடர்ந்து பிழை வந்தால் எக்ஸ்பி வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் பிஐஓ முறைக்குத் தள்ளிவிடும். அதன்பின் ஒவ்வொரு துணுக்கையும் செயலியே சுமக்கிறது. மவுஸ் திணறுவது அதனால்தான். 80 கம்பி கொண்ட நல்ல கேபிளை மாட்டுங்கள். நீல முனை மதர்போர்டுக்கு, கருப்பு முனை முதன்மை டிஸ்க்குக்கு. பிறகு டிவைஸ் மேனேஜரில் பிரைமரி ஐடிஇ சேனலை நீக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். செயலியைச் சுமக்க வைக்காத டிஎம்ஏ முறையை விண்டோஸ் தானே அமைத்துக்கொள்ளும். கேபிளை மாற்றாமல் இதை மட்டும் செய்தால் சில நாளில் அதே குறை திரும்பிவிடும்.

ஊத்தங்கரை: பழைய லினக்ஸைப் புதுப்பித்ததும் ஹெச்டிஏ என்ற டிஸ்க்கைக் காணவில்லை.

பெயர்தான் மாறியிருக்கிறது. ஐடிஇ டிஸ்க்கும் இப்போது லிபாட்டா டிரைவர் வழியாக எஸ்டிஏ என்றே தெரியும். பழைய ஐடிஇ டிரைவர்களை 2021இல் வந்த 5.14 கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) நீக்கிவிட்டார்கள். எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்ற பட்டியல் இருக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில், டிஸ்க்கின் பெயருக்குப் பதில் யுயுஐடி என்ற அதன் அடையாள எண்ணை எழுதிவிடுங்கள். அடுத்த முறை பெயர் மாறினாலும் கணினி எழும்.