ஞாயிறு லாங் ரன் 12 கிலோமீட்டரிலேயே நின்றுவிடுகிறது, என்ன செய்வது?

ஜனவரியில் சென்னையில் முதல் ஹாஃப் மாரத்தான் (21 கி.மீ.), வார நாள்களில் 6 கி.மீ. சுலபமாக வருகிறது, ஞாயிற்றுக்கிழமை லாங் ரன்னில், அதாவது வாரத்தின் நீண்ட ஓட்டத்தில் மட்டும் 12-ஐத் தாண்ட முடியவில்லை, அதிகாலையில் எழுவதும் பெரும்பாடு என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 12 கிலோமீட்டரை என்ன வேகத்தில் ஓடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. வார நாளில் ஓடும் அதே வேகத்தில்தான் ஓடுகிறீர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நானும் இரண்டு மாதம் அதைத்தான் செய்தேன்.

எனக்கு அடையாறு. பெசன்ட் நகர் கடற்கரையில் தொடங்கி, அடையாறு பாலம், பட்டினப்பாக்கம், சாந்தோம் வழியாக மெரினா காந்தி சிலை வரை போய்த் திரும்புவது என் வழி. அப்போது கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்று வாட்சைப் பார்த்துப் பார்த்து ஓடுவேன். ஒரு செப்டம்பர் ஞாயிறு, திரும்பி வரும்போது சாந்தோம் தாண்டியதும் கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்து, கண் இருட்டி, நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இளநீர் வண்டி வைத்திருந்த பெரியவர் ஓடி வந்து, "தம்பி, காலை நீட்டு, விரலை உன் பக்கமா மடக்கு" என்று பாதத்தைப் பிடித்து மடக்கிவிட்டார். இளநீருக்குக் காசும் வாங்கவில்லை. அன்று ஆட்டோவில்தான் வீடு வந்தேன். எனக்கு லாயக்கில்லை, விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

தப்பு காலில் இல்லை, வேகத்தில் இருந்தது. நம் ஊரில் காலை 5 மணிக்கு வெயில் இல்லைதான், ஆனால் காற்று முழுக்க ஈரம். வியர்வை வழிகிறதே தவிரக் காய்வதில்லை, காய்ந்தால்தானே உடம்பு குளிரும். அதனால் உடம்பைக் குளிர வைக்க இதயம் தோலுக்குக் கூடுதலாக ரத்தம் அனுப்ப வேண்டியிருக்கிறது, அதே வேகத்துக்குத் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். இன்னொரு பக்கம், வேகமாக ஓடினால் தசையில் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரை சீக்கிரம் கரைகிறது. மெதுவாக ஓடினால் கொழுப்பும் நன்றாகக் கைகொடுக்கும், சர்க்கரை இருப்பு நெடுநேரம் தாங்கும். லாங் ரன் கால்களையும் தசைநார்களையும் இதயத்தையும் இரண்டு, இரண்டரை மணி நேரத்துக்குப் பழக்குவதற்கு. அதில் வேகத்தைக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை.

எனவே வாட்சை மறந்துவிட்டு மூச்சைக் கவனியுங்கள். பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியம் திணறாமல் பேச முடிய வேண்டும். தனியாக ஓடினால் நீங்களே வாய்விட்டு ஏதாவது சொல்லிப் பாருங்கள். எனக்கு அது கிலோமீட்டருக்கு 8 நிமிடம் 15 நொடியில் வந்து நின்றது. முதல் வாரம், நம்மை எல்லோரும் முந்திப் போகிறார்களே என்று மனசு கேட்கவில்லை. மூன்றாவது வாரம் 14 கி.மீ. முடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் போகலாம் போலிருக்கிறதே என்று நின்றேன். தூரத்தை வாரம் 1 கி.மீ. மட்டும் கூட்டினேன், நாலாவது வாரம் குறைத்துக்கொண்டேன்: 12, 13, 14, 11, 15, 16, 17, 13, 18. முதல் ஹாஃபுக்கு 18 போதும். அதற்கப்புறம் இரண்டு வாரம் தூரத்தைக் குறைத்துக் கால்களுக்கு ஓய்வு கொடுத்தால் மீதி 3 கிலோமீட்டரும் பந்தயத்தன்று வந்துவிடும், எனக்கு வந்தது, 2 மணி 36 நிமிடத்தில் முடித்தேன்.

காலையில் எழுவதைப் பற்றி. அது சனிக்கிழமை ராத்திரியே முடிவாகிற விஷயம். நான் 7.30-க்கு இட்லியோ தயிர்சாதமோ சாப்பிட்டுவிட்டு, உடை, ஷூ, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் வாசல் பக்கம் எடுத்து வைத்து, 9 மணிக்குப் படுத்துவிடுவேன். கல்யாண ரிசப்ஷன் என்றால் தலையைக் காட்டிவிட்டு வந்துவிடுவேன், வீட்டில் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு புரிந்துகொண்டார்கள். 4 மணிக்கு அலாரம், ஒரு டம்ளர் காபி, ஒரு வாழைப்பழம். வயிறு சுத்தமாக அரை மணி நேரம் கொடுங்கள், இதை அவசரப்படுத்தாதீர்கள். விடிவதற்கு முன் உடம்பு விறைப்பாக இருக்கும், அதனால் முதல் 10 நிமிடம் நடைதான். 4.45-க்கெல்லாம் கிளம்பிவிட வேண்டும், 7 மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வெயில் நேராக முகத்தில் அறையும்.

தண்ணீர் விஷயத்தில் கவனம் வேண்டும். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒருமுறை எனக்கு 2 மணி நேரத்தில் 1.8 கிலோ குறைந்தது, வழியில் அரை லிட்டர் குடித்தும். அவ்வளவு வியர்வையோடு உப்பும் போய்விடுகிறது. அதற்கு ஈடாக வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி ஆபத்தில் முடியலாம். ஓஆர்எஸ் பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்து, 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று வாய் குடிப்பேன். ரத்த அழுத்தமோ சிறுநீரகப் பிரச்சினையோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிற நாளில் இடையில் இரண்டு பேரீச்சம்பழம். அப்புறம், பருத்தி பனியன் வேண்டாம், நனைந்து தோலை அறுத்துவிடும். தொடை இடுக்கில் வாசலின் தடவிக்கொள்ளுங்கள். நாய் துரத்தினால் ஓடாமல் நின்று, மெதுவாக நடந்து கடந்துவிடுங்கள்.

வேகத்தைக் குறைத்த பிறகுதான் நான் அந்த வழியையே பார்த்தேன். நொச்சிக்குப்பம் பக்கம் படகுகள் கரையேறும், வலையிலிருந்து மீனை உதறிக்கொண்டே பேசிக்கொண்டிருப்பார்கள், கலங்கரை விளக்கம் தாண்டும்போது கடல் மேல் சிவப்பு ஏறும். மார்கழியில் திரும்பி வருகையில் தெருவெல்லாம் ஈரக் கோலம், அதை மிதிக்காமல் ஓரமாக ஓடுவேன். அந்த ஒன்றுக்காகவே இப்போது அலாரத்துக்கு முன்பே முழிப்பு வந்துவிடுகிறது.

வரும் ஞாயிறு கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் கூட்டி எடுத்துக்கொண்டு 13 போய்ப் பாருங்கள். 12-ஆவதில் மூச்சு எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள், அதை வைத்து அடுத்த வாரத்தைப் பேசலாம்.