ஜோகன்னஸ்பர்க்கில் நான்கு நாள்: எந்த அருங்காட்சியகங்களைப் பார்க்கலாம்?

சென்னையிலிருந்து மனைவியுடனும் பத்து வயது மகளுடனும் வந்து நான்கு நாள் தங்கப்போவதாகவும், ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் பல அருங்காட்சியகங்களில் எவற்றைப் பார்க்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் இந்நகரின் தெற்கே இந்தியர்கள் மிகுதியாக வாழும் லெனேசியாவில் வசிப்பவன். சனிக்கிழமைதோறும் இங்குள்ள பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். ஆண்டுக்கு இரண்டு முறையாவது அவர்களை இந்த இடங்களுக்கு அழைத்துச் செல்கிறேன். அந்தப் பழக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

எழும்பூர் அருங்காட்சியகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இங்கே வந்தால் ஏமாற்றமாக இருக்கக்கூடும். அங்கே சோழர் காலச் செப்புத் திருமேனிகள் எங்கெங்கிருந்தோ வந்து ஒரே கூரையின் கீழ் நிற்கின்றன. 1886-இல் தங்கம் கண்டெடுக்கப்பட்டதால் உருவான இந்த நகரத்திடம் அவ்வளவு பழமை கிடையாது. மாறாக, நிகழ்ச்சிகள் நடந்த கட்டடங்களையே இது காட்சிப்பொருளாக வைத்திருக்கிறது. ஆகவே, எத்தனை பொருள்கள் இருக்கின்றன என்று பாராமல், நிற்கும் இடத்தில் என்ன நடந்தது என்று கேட்டுத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

முதல் நாளை முழுவதும் கான்ஸ்டிடியூஷன் ஹில்லுக்கு ஒதுக்குங்கள். 1890-களில் சிறையாகவும் கோட்டையாகவும் எழுந்து, 1983 வரை சிறையாகவே இயங்கிய வளாகம் அது. கறுப்பின ஆண்களை அடைத்த 'நம்பர் ஃபோர்' பகுதியில்தான் இந்தியச் சத்தியாக்கிரகிகளும் அடைக்கப்பட்டார்கள். கைதியின் இனத்தைப் பொறுத்து உணவின் அளவும் வகையும் மாறியதை அங்கே காட்டியிருக்கிறார்கள். 1908-இல் காந்தியும் அவருடன் இருந்தவர்களும் மக்காச்சோளக் கூழை உண்ண முடியாமல் முறையிட்ட வரலாறு அந்த உணவுப் பட்டியலின் முன் நிற்கும்போதுதான் எனக்கு உண்மையில் விளங்கியது. கைதிகள் தங்கள் கம்பளிகளை மடித்துச் செய்த உருவங்களின் மாதிரிகளும் உண்டு. என் மாணவர்கள் அவ்விடத்தை விட்டு எளிதில் நகர்வதில்லை. 1908 ஜனவரியில் அரசுடன் உடன்பாடு காண்பதற்காக இந்தச் சிறையிலிருந்து டிரான்ஸ்வால் அரசின் காலனிச் செயலாளர் ஸ்மட்ஸுக்கு அனுப்பப்பட்ட கடிதத்தில் மூவர் கையெழுத்திட்டனர்: காந்தி, சீனர்களின் தலைவரான லியுங் குவின், மொரீஷியஸில் பிறந்த தமிழரான தம்பி நாயுடு. மூன்றாவது பெயரைத் தமிழ்நாட்டில் எத்தனை பேர் அறிவார்கள் என்று நான் அடிக்கடி வருந்துவதுண்டு.

அதே வளாகத்தில்தான் நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் இருக்கிறது. விசாரணைக் கைதிகளின் கட்டடத்தை இடித்து, அதன் செங்கற்களை நீதிமன்றச் சுவர்களில் பயன்படுத்தியிருக்கிறார்கள். பழைய படிக்கட்டுக் கோபுரங்கள் மட்டும் அப்படியே நிற்கின்றன. உள்ளே செல்லப் பொதுமக்களுக்கு அனுமதி உண்டு. இந்த நாட்டின் அரசியலமைப்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவில், மதித்துப் போற்றப்பட வேண்டிய சமூக மொழிகளுள் ஒன்றாகத் தமிழும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருப்பதை உங்கள் மகளுக்கு அங்கே நின்று சொல்லுங்கள். நான் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு பிள்ளை திரும்பக் கேட்கிறது.

அன்று மாலையே, காரில் சில நிமிடத் தொலைவில் உள்ள பிராம்ஃபோன்டைன் கல்லறைத் தோட்டத்துக்கும் செல்லுங்கள். அது அருங்காட்சியகம் அன்று என்றாலும், காலையில் கண்டதன் மறுபாதி அங்கேதான் இருக்கிறது. சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, கடுங்காவலில் நோயுற்று, வெளியே வந்த சில நாட்களில் 1909 ஜூலையில் இறந்த இளைஞர் நாகப்பனும், ஜோகன்னஸ்பர்க்கிலேயே பிறந்து, நேட்டாலில் சிறைப்பட்டுக் காய்ச்சலோடு விடுதலையாகி 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் மறைந்த தில்லையாடி வள்ளியம்மையும் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். தில்லையாடி அவருடைய தாயாரின் ஊர். பள்ளிப் பாடத்தில் அந்தப் பெயரைப் படித்தவர்கள்கூட, அவர் வாழ்ந்ததும் மறைந்ததும் இந்த நகரத்தில் என்பதைப் பெரும்பாலும் அறிந்திருப்பதில்லை. பூ வாங்கிக்கொண்டு செல்லுங்கள்.

இரண்டாம் நாள் நியூடவுனுக்குச் செல்லலாம். பழைய காய்கறிச் சந்தைக் கட்டடத்தில் 1994 முதல் இருக்கும் மியூசியம் ஆஃப்ரிக்கா, நீங்கள் எதிர்பார்க்கும் வழக்கமான வகையைச் சேர்ந்தது. அருகிலுள்ள ஹமீதியா பள்ளிவாசலின் முன்புதான் 1908 ஆகஸ்ட் 16 அன்று இந்தியர்கள், ஆசியர்கள் கட்டாயமாகப் பதிந்துகொள்ள வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்துத் தங்கள் பதிவுச் சான்றிதழ்களைப் பெரிய இரும்புக் கொப்பரையில் போட்டு எரித்தார்கள். அதே நாள் பிற்பகலில் விட்வாட்டர்ஸ்ரான்ட் பல்கலைக்கழகத்தின் ஆரிஜின்ஸ் சென்டரைப் பார்த்துவிடலாம். இந்த மண்ணின் தொல்குடிகளான சான் மக்களின் பாறை ஓவியங்களைப் பற்றி அவ்வளவு தெளிவாக விளக்கும் இடத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

1964-இல் தொடங்கப்பட்ட ஜேம்ஸ் ஹால் போக்குவரத்து அருங்காட்சியகத்தில் பழைய டிராம்களும் நீராவி வண்டிகளும் வரிசையாக நிற்கின்றன. சிறையையும் கல்லறையையும் பார்த்த பிள்ளைக்கு அப்படி ஓர் இடம் கட்டாயம் தேவை.

இன ஒதுக்கல் ஆட்சியின் வரலாற்றைச் சொல்லும், 2001-இல் திறக்கப்பட்ட அபார்த்தைட் மியூசியத்தைப் பற்றி எல்லாரும் சொல்லியிருப்பார்கள். 'வெள்ளையர்' என்றோ 'வெள்ளையர் அல்லாதோர்' என்றோ அச்சிட்ட நுழைவுச்சீட்டு எந்த முறையுமின்றிக் கையில் தரப்படும். அதைப் பொறுத்தே நீங்கள் நுழையும் வாசல் அமையும். ஒரே குடும்பத்தினர் இரண்டு வாசல்களில் பிரிந்து செல்வதைப் பார்த்திருக்கிறேன். ஆயினும், தூக்கிலிடப்பட்ட அரசியல் கைதிகளின் நினைவாக 131 சுருக்குக் கயிறுகள் தொங்கும் பகுதிக்குப் பத்து வயதுக் குழந்தையை அழைத்துச் செல்வதை நான் ஏற்கமாட்டேன். மூன்றாம் நாள் நீங்களும் உங்கள் மனைவியும் முறைவைத்துப் பாருங்கள். மற்றவர் மகளுடன் போக்குவரத்து அருங்காட்சியகத்தில் இருக்கலாம். அன்று வேறு எதையும் சேர்க்காதீர்கள், மனம் தாங்காது.

சோவெட்டோவிலுள்ள ஹெக்டர் பீட்டர்சன் அருங்காட்சியகத்தையும், அதற்கு நடந்தே செல்லக்கூடிய தூரத்தில் விலகாசி தெருவில் இருக்கும் மண்டேலாவின் வீட்டையும் நான்காம் நாள் முற்பகலுக்குள் பார்த்துவிடலாம். 1976 ஜூன் 16 அன்று சிறுவன் ஹெக்டர் உட்படப் பள்ளிப் பிள்ளைகள் சுடப்பட்டது, ஆட்சியாளர்களின் மொழியான ஆஃப்ரிக்கான்ஸைப் பாடமொழியாகத் திணித்ததை எதிர்த்ததற்காக. மொழிக்காக மாணவர்கள் தெருவில் இறங்கிய வரலாறு தமிழ்நாட்டவருக்குப் புதிதன்று. உங்கள் மகளுக்கு நீங்களே அதை விளக்க முடியும்.

கடைசிப் பிற்பகலுக்கு ஃபீட்டாஸ். பேஜ்வியூ என்று வரைபடத்தில் இருக்கும் பகுதிதான் அது. 14-ஆம் தெருவில் இந்தியர்களின் கடைகள் நெருங்கியிருந்த அந்தப் பகுதி, இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் கீழ் வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்டு, 1970-களில் வீடுகள் இடிக்கப்பட்டன. மக்கள் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளி, நான் இப்போது இருக்கும் லெனேசியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். எஞ்சி நின்ற ஒரு கட்டடத்தில் சிறிய அருங்காட்சியகம் ஒன்று நடக்கிறது. என் பக்கத்து வீட்டு ஆயா அந்தத் தெருவில் பிறந்தவர். அவரை அங்கே ஒருமுறை அழைத்துச் சென்றபோது, புகைப்படங்களைப் பார்ப்பதற்கு முன்பே வெளியே வந்து, புல் முளைத்த வெற்றிடத்தைக் காட்டி, "இங்கதான் எங்க அடுப்பங்கரை, அங்க முருங்கை மரம்" என்று எண்ணி எண்ணிச் சொன்னார். முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொண்டு செல்லுங்கள். நீங்கள் வரும் தேதியை எனக்கும் தெரிவித்தால், ஆயா ஒப்புக்கொள்ளும் பட்சத்தில் அவரையும் அழைத்துக்கொண்டு நானே வருகிறேன்.