ஒரே நாளில் சென்னை: வேலூர் சத்துவாச்சாரி வாசகிக்கு ஒரு திட்டம்

கேள்வி: அரையாண்டு விடுமுறையில் ஒரு சனிக்கிழமை சென்னைக்குப் போய்விட்டு ராத்திரியே திரும்பலாம் என்றிருக்கிறோம். நான், வீட்டுக்காரர், பத்து வயதுப் பெண், ஆறு வயதுப் பையன், மாமியார். அத்தைக்கு முழங்கால் வலி, ரொம்ப நடக்க மாட்டார்கள். வண்டலூர், மகாபலிபுரம், மெரினா, தி.நகர், ஒரு பெரிய மால், மெட்ரோ ரயில் என்று பிள்ளைகள் லிஸ்ட் போட்டு வைத்திருக்கிறார்கள். காரா, ரயிலா? எதை முதலில் பார்ப்பது?

பதில்: முதலில் அந்த லிஸ்ட்டில் பாதியை அடித்துவிடுங்கள். வண்டலூர் உயிரியல் பூங்கா சென்னைக்குத் தெற்கே முப்பது கிலோமீட்டர். மகாபலிபுரம் அதையும் தாண்டி, நகரத்திலிருந்து ஐம்பதுக்கு மேல். இரண்டுமே தனித்தனியாக ஒரு நாளைக் கேட்கும். அதோடு, வேலூர்க்காரர்கள் வண்டலூருக்குப் போகச் சென்னைக்குள் நுழையவே வேண்டியதில்லை. காஞ்சிபுரம், வாலாஜாபாத், ஒரகடம் வழியாக நேராக இறங்கிவிடலாம். அதை கோடை விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

தி.நகரும் வேண்டாம் என்பேன். விடுமுறைச் சனிக்கிழமையில் ரங்கநாதன் தெருவுக்குள் ஆறு வயதுப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு போவது ஊர் சுற்றுவது ஆகாது, தண்டனை. பட்டுப்புடவைதான் காரணம் என்றால் காஞ்சிபுரம் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மால் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான். மழை கொட்டினால் ஒதுங்க ஒரு இடம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

மிச்சம் இருப்பது மெரினாவும் மெட்ரோவும். இந்த இரண்டையும் இணைத்து ஒரே பட்டையாகப் பார்க்கலாம்: சென்ட்ரல், உயர் நீதிமன்றம், செயின்ட் ஜார்ஜ் கோட்டை, சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கடற்கரை. எல்லாம் சில கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். இந்தப் பட்டையை நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வட ஆற்காட்டுக்காரர்களுக்குச் சென்னையில் சொந்தக் கதை இருக்கும் இடம் இதுதான். பிள்ளைகளிடம் "நம்ம ஊர்" என்று சொல்லிக் காட்ட நிறைய இருக்கிறது.

காரா ரயிலா என்றால் ரயில்தான். ஸ்ரீபெரும்புதூர் வரை கார் சுகமாகப் போகும். பூந்தமல்லி தாண்டியதும் வீட்டுக்காரர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பார். திருவல்லிக்கேணியில் காரை நிறுத்த இடம் தேடுவதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். காட்பாடியிலிருந்து சென்ட்ரல் சுமார் 130 கிலோமீட்டர், இரண்டு இரண்டரை மணி நேரம். ஜோலார்பேட்டையிலிருந்து வரும் ஏலகிரி எக்ஸ்பிரஸ் விடிகாலையில் காட்பாடிக்கு வந்து, அலுவலக நேரத்துக்குள் சென்ட்ரலில் சேர்த்துவிடும். வேலூர் கன்டோன்மென்ட் வழியாக சென்னைக் கடற்கரை நிலையம் போகும் மெமு ரயிலும் உண்டு. டிக்கெட் மலிவு, ஆனால் வழியெல்லாம் நின்று நின்று போகும். அத்தைக்கு அது வேண்டாம். பஸ்தான் என்று முடிவு செய்தால், எந்த நிலையத்தில் இறக்கிவிடுவார்கள் என்று கேட்டுக்கொண்டு ஏறுங்கள். கிளாம்பாக்கத்தில் இறங்கினால் நகரத்துக்குள் வருவதற்கே தனியாக ஒரு பயணம்.

காலை டிபனை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போய் ரயிலில் முடித்துவிடுங்கள். சென்ட்ரலில் இறங்கிச் சாப்பாட்டுக் கடை தேடினால் நல்ல நேரம் கரைந்துவிடும். வெளியே வந்ததும் வெள்ளை வெளேரென்று நிற்பது ரிப்பன் மாளிகை, 1913-இல் திறந்தது, மாநகராட்சி அலுவலகம். அதைப் பார்த்துக்கொண்டே மெட்ரோவுக்குக் கீழே இறங்குங்கள். லிஃப்ட் இருப்பதால் அத்தைக்குச் சிரமம் இல்லை. போக வேண்டியது ஒரே ஒரு ஸ்டேஷன், உயர் நீதிமன்றம். இதற்கு மெட்ரோ எதற்கு என்று வீட்டுக்காரர் கேட்பார். பிள்ளைகளுக்காகத்தான். சுரங்கத்துக்குள் ரயில் வருவதையும் கண்ணாடிக் கதவுகள் தானாகத் திறப்பதையும் பார்க்க வேண்டும், அவ்வளவுதானே. கார்டு வாங்க வேண்டாம், போனில் க்யூஆர் டிக்கெட் எடுத்தால் போதும்.

மேலே ஏறினால் செங்கல் சிவப்பில் உயர் நீதிமன்றம், 1892-இல் கட்டி முடித்தது. அதன் உயரமான கோபுரத்தை நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு காலத்தில் கப்பல்களுக்கு வழிகாட்டிய கலங்கரை விளக்கம் அதன் உச்சியில்தான் எரிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் போதும். அங்கிருந்து கோட்டைக்கு ஆட்டோ. ஆப்பில் பிடித்தால் பேரம் பேச வேண்டியதில்லை.

கோட்டையில் கொஞ்சம் நிதானமாக இருங்கள். சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் உள்ளேயே இருப்பதால் பரிசோதனை உண்டு. எல்லோருடைய ஆதார் அட்டையும் கையில் இருக்கட்டும். தொல்லியல் துறை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. கீழ்த்தளத்தில் வாள், துப்பாக்கி, பீரங்கிக் குண்டு என்று இருக்கிறது. பையன் அங்கேயே நின்றுவிடுவான். 1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தக் கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடியை இங்கே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். துணி சிதையாமல் இருக்க மங்கலான வெளிச்சத்தில்தான் வைத்திருப்பார்கள். கண் பழகும் வரை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். மாடி ஏற முடியாவிட்டால் அத்தையைக் கீழேயே உட்கார வைத்துவிட்டு நீங்கள் மாறி மாறிப் போய்வரலாம். கோட்டைக்குள்ளேயே 1680-இல் கட்டிய புனித மேரி தேவாலயமும் இருக்கிறது.

பெண்ணுக்குப் பத்து வயது என்கிறீர்கள். வேலூர்க் கோட்டையைப் பள்ளியிலிருந்து கூட்டிப்போய்க் காட்டியிருப்பார்கள். 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியும் பாடத்தில் வரும். நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை போட வேண்டும் என்ற ஆணைதானே அங்கே வெடித்தது? அதற்குப் பொறுப்பான தளபதி ஜான் கிரடாக்கும், ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் ஆட்சி செலுத்திய இடம் இந்தச் சென்னைக் கோட்டை. புரட்சிக்குப் பிறகு இருவரையுமே கிழக்கிந்தியக் கம்பெனி திருப்பி அழைத்துக்கொண்டது. நம் கோட்டையில் நடந்ததற்கு முதல் கோடு இங்கே போடப்பட்டது என்று அந்தச் சுவரைக் காட்டிச் சொல்லுங்கள். பாடப் புத்தகத்தில் படித்ததைவிட நன்றாக மனதில் நிற்கும்.

பதினொன்றரை மணி வாக்கில் சேப்பாக்கம் புறப்படலாம். பறக்கும் ரயிலில் கோட்டை நிலையத்திலிருந்து சில நிமிடம்தான். ஆனால் சேப்பாக்கம் நிலையம் மேலே தூணில் நிற்பதால் படி அதிகம். வீட்டுக்காரரும் பிள்ளைகளும் ரயிலில் வரட்டும், நீங்களும் அத்தையும் ஆட்டோவில் போய்விடுங்கள். பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் இரண்டு விதமான ரயில் ஆகிவிடும்.

சேப்பாக்கம் என்றால் கிரிக்கெட் மைதானம்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அதன் பக்கத்தில் ஆற்காட்டு நவாபின் அரண்மனை இருப்பது பலருக்குத் தெரியாது. நவாப் முகமது அலி வாலாஜா, ஆற்காட்டை விட்டு ஆங்கிலேயர் நிழலில் சென்னைக்குக் குடிவந்து, 1768-இல் கட்டி முடித்தது. கலச மகால், ஹுமாயூன் மகால் என்று இரண்டு பகுதி. அரசுக் கட்டடம் என்பதால் வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். பக்கத்திலேயே வாலாஜா சாலை. நம் வாலாஜாபேட்டைக்குப் பெயர் கொடுத்த அதே மனிதர். ஆற்காட்டின் டெல்லி கேட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, அந்த ஆற்காட்டு அதிகாரம் எங்கே இடம் மாறியது என்பது இங்கே புரியும்.

அப்படியே திருவல்லிக்கேணி நெடுஞ்சாலைக்கு வந்தால் வாலாஜா பள்ளிவாசல், ஊர்வழக்கில் பெரிய மசூதி. 1795-இல் வாலாஜா குடும்பம் கட்டியது. மரமும் இரும்பும் இல்லாமல் முழுக்கச் சாம்பல் நிறக் கருங்கல். வெளியே வெயில் எரித்தாலும் அந்தக் கல் தரையில் கால் வைத்தால் இதமாக இருக்கும். தொழுகை நேரம் தவிர்த்து, தலையை மூடி, கேட்டுக்கொண்டு உள்ளே போகலாம்.

மதியச் சாப்பாடு திருவல்லிக்கேணியில்தான். ரத்னா கபேயில் இட்லியைத் தட்டில் வைத்து, அது மூழ்கும்வரை சாம்பாரை ஊற்றுவார்கள். கேட்கக் கேட்க மறுபடி ஊற்றுவார்கள். பிரியாணிக் கடைகளும் நிறைய. ஆனால் ஆம்பூரும் வேலூரும் தந்த நாக்கோடு போகிறீர்கள். சீரக சம்பாவும் கத்தரிக்காய்த் தொக்கும் இல்லாத பிரியாணியைப் பையன் ஒப்புக்கொள்வானா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் பலர் தடுமாறுவார்கள். பார்த்தசாரதி கோயில் மதியம் நடை சாத்திவிடும், மாலை நாலு மணிக்குமேல்தான் திறக்கும். அதனால் கோயிலை முதலில் வைக்காமல், சாப்பாட்டுக்குப் பின் ஓய்வெடுத்துவிட்டுப் போங்கள். அந்த இடைவெளியில் துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் உள்ள பாரதியார் இல்லத்தைப் பார்க்கலாம். கடைசிக் காலத்தில் அவர் வாழ்ந்து, 1921-இல் மறைந்த வீடு. நடை திறந்ததும் தரிசனம். மூலவருக்கு இங்கே மீசை உண்டு. உற்சவர் முகத்தில் இருக்கும் வடுக்களை பீஷ்மரின் அம்பு பட்டவை என்று சொல்வார்கள். அந்தக் கதையை அத்தையையே பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்லுங்கள், அவர்களைவிட நன்றாக நம்மால் சொல்ல முடியாது.

ஐந்து மணிக்கு மெரினா. மணல் அகலமான கடற்கரை, அலை வரை நடக்க அத்தையால் முடியாது. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரில், நடக்க முடியாதவர்களுக்காக மரப்பாதை போட்டிருக்கிறார்கள். ஆட்டோவை அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல், மிளகாய் பஜ்ஜி, பலூன் சுடுவது எல்லாம் வாங்கிக் கொடுங்கள். ஆனால் பிள்ளைகள் கணுக்காலுக்கு மேல் நனையக் கூடாது. பார்க்க அமைதியாக இருந்தாலும் மெரினாவில் உள்ளிழுப்பு பலமானது, குளிக்கவே தடை இருக்கிறது.

திரும்ப ஏலகிரி எக்ஸ்பிரஸ்ஸை நம்ப வேண்டாம். மாலை ஆறு மணி வாக்கிலேயே புறப்பட்டுவிடும், கடற்கரையைப் பாதியில் விட்டுவிட்டு ஓட வேண்டும். இரவு சென்ட்ரலிலிருந்து போகும் நீலகிரி, சேரன் இரண்டும் காட்பாடியில் நிற்கும். 60 நாள் முன்பே முன்பதிவு திறக்கும், விடுமுறை என்பதால் இன்றே பார்த்துவிடுங்கள். தூரம் குறைவு என்றாலும் ஸ்லீப்பரில் குறைந்தபட்சம் 200 கிலோமீட்டருக்கான கட்டணம்தான். உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் தனி பெர்த் கேட்டால் முழுக் கட்டணம், வேண்டாம் என்றால் பாதி. வாலாஜா ரோடு தாண்டியதுமே பைகளை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் வந்துவிடுங்கள். காட்பாடியில் வண்டி அதிக நேரம் நிற்காது, முழங்கால் வலியோடு அத்தை இறங்க நேரம் வேண்டும்.